எல்லையில் நின்ற வடிகால்

மழை வந்தா ஊரெல்லாம் வானத்தைப் பாக்கும். என்னை மாதிரி கொம்யூன் பஞ்சாயத்து ஓவர்சியர் மட்டும் எல்லைக்கல்லைப் பாப்பான். காரைக்காலைச் சுத்தித் தமிழ்நாடு. எங்க பட்ஜெட்டுக்குக் கையெழுத்து விழற புதுச்சேரி அந்தத் தமிழ்நாட்டையும் தாண்டி. அரசாங்க வேலையில மாட்டிக்கிட்ட சக பாவிகளே, கேளுங்க.

பொக்லைன் நின்ன இடம்

விழிதியூர்ப் பக்கம் செல்வியம்மான்னு ஒருத்தங்க. வீட்டுக்காரர் இல்ல. இருக்கற ஒரே வயலும் மழைக்கு மழை மூழ்கும். புதுச்சேரியோட மல்லுக்கட்டி வடிகால் தூர்வார நிதி வாங்கினேன். ஜோரா வெட்டிக்கிட்டு வந்த பொக்லைன், எங்க எல்லையில நின்னுடுச்சு. அடுத்த துண்டு தமிழ்நாடு, அதைத் தாண்டினா ஆறு. எங்க காசுல அங்க ஒரு கூடை மண்ணு அள்ளக்கூடாது. டிரைவர் இறங்கி வந்து கேட்டான்: "ஆத்துல சேக்காம நிறுத்தினா இது வடிகாலா சார், குளமா?"

தலைவரம்மா வீட்டுக் காப்பி

அந்தப் பக்கத்து ஊராட்சித் தலைவரம்மாகிட்ட ஓடினேன். காப்பி குடுத்தாங்க. "உங்க ஊர்த் தண்ணிக்கு எங்க நிதியை எப்படிங்க காட்டறது?" நியாயம்தான். உங்க கவுன்சிலரை விட்டு மேல பேசுங்கன்னாங்க. எங்க கொம்யூனுக்குத் தேர்தல் நடந்து எத்தனையோ வருஷமாச்சு, அதிகாரிங்கதான்னு சொன்னேன். அந்தம்மா கேட்டாங்க: "இந்தப் பக்கம் தலைவர் நான் இருக்கேன், காசு இல்ல. அந்தப் பக்கம் கேக்கறதுக்கே ஆள் இல்லைங்களா?"

சம்பந்தி வந்தாரு

கார்த்திகையில கொட்டித் தீத்துடுச்சு. மழை விட்டு ஆறு இறங்கியும் செல்வியம்மா வயல்ல தண்ணி இறங்கல. பயிர் நுனிகூடத் தெரியல. இன்னும் ரெண்டு நாள் நின்னா அழுகல்தான். வரப்புல அந்தம்மா அழுவுறாங்க, நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறேன்.

அப்ப வந்துச்சுங்க எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூட்டம், தோள்ல மண்வெட்டியோட! செல்வியம்மா பொண்ணைக் கட்டிக்குடுத்த ஊரு அது. முன்னால சம்பந்தி, பின்னால அவரு தெருவே. தலைவரம்மா வீட்டுக்காரரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வராரு. ஆத்தாடி! ரெண்டு அரசாங்கமும் தொடாத துண்டை மத்தியானச் சோத்துக்கு முன்னாடி வெட்டிட்டாங்க. தண்ணி குபுகுபுன்னு ஆத்துக்கு ஓடுச்சு. பொழுது சாயறப்போ பச்சை நுனி தெரிஞ்சுது. என் சர்வீஸ்ல நான் கையெடுத்துக் கும்பிட்ட வேலை அது ஒண்ணுதான்.

சம்பந்தி வீட்டாருக்கெல்லாம் சோறு போட்டுட்டு செல்வியம்மா என்கிட்ட வந்தாங்க. "எனக்குப் பொண்ணு இருந்துச்சு, அந்தப் பக்கம் குடுத்தேன், பயிர் பொழைச்சுது. வடக்கு வடிகாலும் இப்படித்தான் எல்லையில நிக்குது. அது ஓரத்து வயல்காரருக்குப் புள்ளகுட்டியே இல்லையே சார், அவரு வயலுக்கு யாரு வருவா?"

இந்த எல்லையைப் போட்ட பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போயே எத்தனையோ காலமாச்சு, அவன் போட்ட கோட்டுக்கு நாங்க இன்னும் வருஷா வருஷம் பட்ஜெட் எழுதிக்கிட்டிருக்கோம்.