ஒழுங்கை முழுக்க ஒரே கிணற்றுத் தண்ணீர்: கொக்குவிலில் ஒரு நீண்ட வாரவிறுதி

யாழ்ப்பாணம் போகிறேன் என்று சொன்னதும் அலுவலகத்தில் எல்லோரும் கோட்டை, நல்லூர், நெடுந்தீவு, ஐஸ்கிரீம் என்று அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதெல்லாம் இரண்டு தடவை பார்த்தாயிற்று. ஐஸ்கிரீம் சாப்பிட்டது அதற்கும் மேலே. இந்தத் தடவை நான் போனது ஓர் ஊர் அறக்கட்டளையைப் பார்க்க. காரணம் ஸ்டெல்லா. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. கொழும்பில் தாதிப் படிப்புக்கு வந்தபோது என்னோடு வெள்ளவத்தையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள். இப்போது ஊரில் தாதி. ஓய்வு நாட்களில் கொக்குவில் பக்கத்து அறக்கட்டளை ஒன்றில் சுகாதார வேலைகளைப் பார்க்கிறாள். "சும்மா வந்து சாப்பிட்டுப் படுத்திட்டுப் போகாமல், எங்கடை வேலையை ஒருக்கா வந்து பாரன்" என்று ஃபோனில் ஏசினாள். பூரணை விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது, திங்களுக்கு லீவு போட்டேன், கிளம்பிவிட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 5.45 ரயில். இரண்டாம் வகுப்பில் முன்பதிவு, எனக்கு 2,500 ரூபாய் ஆனது. நீண்ட விடுமுறை என்றால் ஆசனங்கள் சீக்கிரம் முடிந்துவிடும், ஆகவே முன்னதாகவே பதிந்துவிடுங்கள். கட்டணமும் நேரமும் மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. மதியம் ஒரு மணிக்குச் சற்று முன் யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். அங்கிருந்து நான் போகவேண்டிய இடம் நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 600 ரூபாய். இடத்தின் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, ஆட்டோக்கார அண்ணை தலையாட்டினார்.

"தண்ணி பரிசோதிக்கிற பிள்ளையளின்ரை இடந்தானே? எங்கடை அம்மாவும் போத்தலைக் கழுவிக் காயவைச்சிருக்கிறா, எப்ப எங்கடை ஒழுங்கைக்கு வருவினம் எண்டு."

ஒழுங்கை என்றால் இங்கே சிறு தெரு. பரிசோதனைக்குப் போத்தலைக் கழுவிக் காயவைக்கும் ஊர் இது என்பதை அப்போதே நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறக்கட்டளை என்றதும் நான் கண்ணாடிக் கதவும் பெயர்ப்பலகையும் எதிர்பார்த்தேன். இருந்தது ஒரு பழைய கல்வீடு. வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் ஒன்று பூட்டி வைத்திருந்ததை ஊருக்குக் கொடுத்திருக்கிறது. முன் அறை நூலகம், மாலையில் அதுவே வகுப்பறை. நடு அறையில் வாரத்தில் ஒரு நாள் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பார்ப்பார்கள். பின்வளவு முழுக்க வேம்பும் நாவலும் மருதும் பைகளில் வளரும் கன்றுகள். மருந்து எடுக்க வந்த ஒரு ஐயா ஒரு கையில் கதைப் புத்தகத்தோடும் மறுகையில் நாவல் கன்றோடும் வெளியே போனார். படிப்பு, சுகாதாரம், சூழல் என்று தனித்தனியாக அறிக்கை எழுதுகிறவர்களை இங்கே கூட்டிவந்து ஒரு நாள் உட்காரவைக்க வேண்டும்.

இவர்களுடைய இந்த வருட வேலைதான் கிணறுகள். வலிகாமம் என்கிற இந்தப் பகுதியின் செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, மரக்கறி எல்லாம் அள்ளிக் கொடுக்கும். தோட்டத்துக்குப் போடும் உரத்தில் மிச்சம் சுண்ணாம்புக்கல் வழியே இறங்கிக் கிணற்றில் சேரும். நைத்திரேற்று (நைட்ரேட்) என்று படித்திருப்பீர்கள். நிறமில்லை, மணமில்லை, உருசியும் இல்லை. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால் ஆபத்து, கொதிக்கவைத்தாலும் போகாது என்று ஸ்டெல்லா சொன்னாள். ஆகவே உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வாங்கி வருவார்கள், கடதாசிச் சோதனைப் பட்டியைத் தோய்த்துப் பார்ப்பார்கள். அவர்களுக்கு இரசாயனவியல் பாடம், ஊருக்குச் சுகாதாரம்.

சனிக்கிழமை காலை ஓர் ஒழுங்கையிலிருந்து பன்னிரண்டு போத்தல் வந்தது. பட்டியில் நைத்திரேற்று கூடக் கூட இளஞ்சிவப்பு கடுமையாகும். முதல் போத்தல் நல்ல கடும் சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். பன்னிரண்டாவது வரைக்கும் ஒரே நிறம், ஒரே துணியில் வெட்டியது போல. பிள்ளைகள் பட்டி பழுதாகிவிட்டதென்று நினைத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்து வடிகட்டித் தண்ணீரைச் சோதித்தார்கள். அது வெள்ளையாகவே நின்றது.

"ஒழுங்கையே பழுதாப் போச்சு" என்று நான் பதறினேன்.

ஸ்டெல்லா பதறவில்லை. அவளுக்கு வந்தது கோபம். "பன்னிரண்டு கிணறும் ஒண்டா இருக்கவே இருக்காது. உந்த மதிலுக்கு இஞ்சாலை நல்ல தண்ணி, அங்காலை உப்புச் சவர். இதிலை ஏதோ விளையாட்டு இருக்கு."

வெயில் தணிந்ததும் இருவரும் அந்த ஒழுங்கைக்கு நடந்தோம். முதல் வீட்டில் கேள்வியைக் கேட்பதற்குள் கிளாஸில் நெல்லிக்கிரஷ் வந்துவிட்டது. போத்தலில் தந்தது உங்கள் கிணற்றுத் தண்ணீர்தானா என்றதற்கு, "வேறை எங்கத்தைத் தண்ணி?" என்று சிரித்தார்கள். இரண்டாவது வீட்டில் பால்தேத்தண்ணியும் றோல்சும், அதே சிரிப்பு. அறக்கட்டளை வேலைக்குப் போகிறவர்களுக்கு நீரிழிவு வராமல் இருப்பது ஆச்சரியம்தான். மூன்றாவது வீட்டில் ஒரு அக்கா ஃபன்டாப் போத்தலைத் திறக்கப் போனார். என்னால் முடியவில்லை.

"ஐயோ அக்கா, வேணாங்க. வெறும் தண்ணி கொஞ்சம் தாங்களேன்" என்றேன். மாத்தளைக்காரி நான், என் பேச்சைக் கேட்டு அவருக்கு ஒரே சிரிப்பு.

"பொறுங்கோ, நல்ல தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று உள்ளே போய், மூடி வைத்திருந்த பிளாஸ்டிக் கானிலிருந்து வார்த்துக்கொண்டு வந்தார். "செல்வராசா அண்ணையின்ரை கிணத்துத் தண்ணி. குடிச்சுப் பாருங்கோ, எப்பிடி இனிக்குதெண்டு. வாற ஆக்களுக்கு எங்கடை சவர்த்தண்ணி குடுக்கேலுமே?"

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். "அப்ப அக்கா, பிள்ளையளுக்குக் குடுத்த போத்தல்?"

"அதுவும் உதிலைதான் விட்டனான். பள்ளிக்கூடப் பிள்ளையள் வெயிலுக்கை வந்து வாசலிலை நிக்குதுகள். அதுகளின்ரை கையிலை சவர்த்தண்ணியைக் குடுக்கிறதோ? மரியாதையில்லை எல்லே."

அவ்வளவுதான் விஷயம். பரிசோதனைக்கு என்றாலும் வீட்டு வாசலுக்கு வந்தவர்களுக்கு நல்லதைக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு வீடும் தனித்தனியாக யோசித்து, பன்னிரண்டு போத்தலிலும் அந்த ஒரே கிணற்றைத்தான் நிரப்பியிருக்கிறது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கும் உறைத்தது. ஒழுங்கை முழுக்கக் குடிப்பது அந்தத் தண்ணீரை. பட்டி கடும் சிவப்பாக மாறியதும் அந்தத் தண்ணீரில்தான்.

செல்வராசா அண்ணை வெங்காயத் தோட்டக்காரர், அறுபதை எட்டியிருப்பார். கேற்றைத் தாண்டியதும் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி ஒரு கிணற்றுக்கட்டு, சுற்றிவரப் பூச்செடி. ஊர்ச்சனம் தண்ணீர் அள்ள வரும் கேற்றைப் பகலில் பூட்டுவதே இல்லையாம். முற்றத்து வேம்பின் கீழே பிளாஸ்டிக் கதிரையில் அவருடைய மகள் தர்சினி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் பிரசவத்துக்கு வவுனியாவிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாதம். எங்களைக் கண்டதும் அண்ணை கேட்டது, "என்ன ஸ்டெல்லா மிஸி, எங்கடை தண்ணிதான் முதலாமிடமோ?"

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஸ்டெல்லா சுற்றி வளைக்காமல் சொன்னாள். பெரியாட்கள் உடனே பயப்படவேண்டியதில்லை, ஆனால் தர்சினி இதைக் குடிப்பதை நிறுத்தவேண்டும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு கரண்டியும் கொடுக்கக்கூடாது என்றாள். அண்ணையின் முகம் இறுகிவிட்டது.

"இந்தத் தண்ணியிலைதான் இவள் வளந்தவள். இந்த ஒழுங்கையிலை கலியாணமோ செத்தவீடோ, தேத்தண்ணி வைக்கிறது இந்தத் தண்ணியிலை. உந்தக் கடதாசித் துண்டோ என்ரை கிணத்துக்குத் தீர்ப்புச் சொல்லுறது?"

வாளியை விட்டு அள்ளி எங்கள் முன்னாலேயே ஒரு செம்பு மடமடவென்று குடித்தார். ஸ்டெல்லா வாதாடவில்லை. ஒரு பட்டியை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே தோய்ச்சுப் பாருங்கோ அண்ணை" என்றாள். வாளிக்குள் தோய்த்தார். நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறம் ஏறிக்கொண்டே போனது.

"அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் தர்சினி. அவர் பட்டியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் தோட்டப்பக்கம் போய்விட்டார். அந்த மனுசன் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஒழுங்கைக்கே தண்ணீர் கொடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அறக்கட்டளைப் பிள்ளைகளோடு சேர்ந்து, அவர்கள் தூர்வாரிய ஒரு குளத்தின் கரையில் பனங்கொட்டை நட்டோம். மழைநீர் தங்கினால் கிணறுகளும் தேறும் என்பது அவர்கள் கணக்கு. என் முதுகு இரண்டாக உடைந்தது. அதற்குள் ஒழுங்கையிலிருந்து உண்மையான போத்தல்கள் வந்துசேர்ந்தன, இந்தத் தடவை பிள்ளைகளே கிணற்றிலிருந்து அள்ளியவை. நிறங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நைத்திரேற்று ஆகக் குறைவு, சவர்த்தண்ணி என்று வெட்கப்பட்ட அந்த அக்காவின் கிணற்றில்தான். பெருமைப்படுவதா, யாரும் நம்பமாட்டார்களே என்று கவலைப்படுவதா என்று தெரியாமல் அவர் நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது. செல்வராசா அண்ணை மட்டும் அன்று முழுக்கக் கண்ணில் படவில்லை. ஒழுங்கை முகப்புப் பள்ளிக்கூடத்தில் அறக்கட்டளை வைத்த வடிகட்டித் தண்ணீர் எல்லோருக்கும் இலவசம். ஆனால் அவர் ஒரு கானை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் ஊருக்கே விஷயம் விளங்கிவிடும். "அவர் எடுக்கமாட்டார். இருட்டினாப் பிறகு தர்சினிக்கு நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றாள் ஸ்டெல்லா.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தங்குவதற்குப் பக்கத்திலுள்ள யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வசதி. பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறைகள் உண்டு, நான் கொடுத்தது ஒரு இரவுக்கு 3,500 ரூபாய். பலாலி வீதியில் பஸ் அடிக்கடி ஓடும், கொக்குவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே சைக்கிள் இருந்தால் போதும். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் மதியச் சாப்பாடு 500 ரூபாய், கத்தரிக்காய்க் குழம்பைத் தவறவிடாதீர்கள். இப்படியான அமைப்புகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகவேண்டாம், அவர்களுக்கு வேலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு இனிப்புப் பொட்டலம் வேண்டாம், நல்ல கதைப் புத்தகம் கொண்டுபோங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். வீடுகளுக்குப் போவதென்றால் வெறும் வயிற்றோடு போங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

திங்கள் காலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தர்சினியிடம் சொல்லிக்கொள்ள நினைத்து அந்த ஒழுங்கைக்குள் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். வழக்கம்போலச் செல்வராசா அண்ணையின் கேற்றடியில் கான்களோடு ஏழெட்டுப் பேர். கேற் திறந்துதான் இருந்தது. நடுவில் அவர் நின்றார்.

"குளிக்க, தோய்க்க எவ்வளவும் அள்ளுங்கோ. வீட்டிலை பிள்ளைத்தாச்சியோ கைக்குழந்தையோ இருந்தால் குடிக்கக் கொண்டுபோகாதேங்கோ. அதுக்குப் பள்ளிக்கூடத்துத் தண்ணி எடுங்கோ."

வரிசையில் நின்றவர்கள் கான்களைக் கீழே வைத்தார்கள். பிறகு யாரோ கேட்டார்கள். "ஆர் அண்ணை உப்பிடிச் சொன்னது? உங்கடை தண்ணியையோ?"

அவர் ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லவில்லை. பட்டியைப் பற்றியும் சொல்லவில்லை.

"நான் சொல்லுறன். என்ரை கிணறு."

சொல்லிவிட்டுத் தன் வீட்டு வெறுங்கானைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூடப் பக்கம் மிதித்துப் போனார்.