கொக்கு மேல் ஒட்டிய விசிறி

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாக வரும். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன், ஆட்களின் பேர் பாதி மறந்துவிட்டது. படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் ஏதோ ப்ராஜெக்டுக்குப் பேர் மாற்றினாளாம். உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம் பழைய பேரையே தேடிக்கொண்டு நின்று போயினவாம். தலையில் கை வைத்துக்கொண்டு வந்து சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று கேட்டாள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதித் தருகிறேன். அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகளும் படிப்பார்களாம்.

அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பேகம்பூரில் ஒரு வாசனைப் புகையிலைக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற வேலை எனக்கு. கொக்கு மார்க் புகையிலை. முதலாளியும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்தியது. பிறகு பாகம் பிரித்தார்கள். அண்ணனுக்குக் கொக்கு போனது, எங்கள் முதலாளிக்கு ஷெட்டும் ஆட்களும் வந்தன. இனிமேல் எங்கள் சரக்குக்கு விசிறி மார்க் என்று பேர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். இருந்த பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான்தான் என்பதால் எனக்கு அந்தப் பொறுப்பு. கொக்கைக் கண்டுபிடிக்க எதற்குப் படிப்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, பெருமையாக இருந்தது.

"இந்தா புள்ள, நம்ம ஷெட்டுக்குள்ள ஒரு கொக்கு இருக்கக் கூடாது. எங்க கண்டாலும் மேல விசிறிய ஒட்டிரு. எங்கண்ணன் ஆள் வந்து பாத்தான்னா கோர்ட்டுக்குப் போயிருவாரு."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை.

பசை வாளியும் கையுமாகப் புறப்பட்டேன். டின், பெட்டி, கதவு, தராசுப் பலகை, தண்ணீர்ப் பானை, ஒன்றையும் விடவில்லை. சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. குளக்கரையில் நிஜக் கொக்கு நிற்கிற படம். அது மார்க் இல்லை, வெறும் கொக்கு. அதன் மேலும் விசிறியை ஒட்டினேன். கூட வேலை பார்த்த ராக்கம்மா அக்கா, "ஏடி, வெளிய கம்மாயில நாலு நிக்கிது, அதையும் ஒட்டிட்டு வா" என்றாள். அவள் கேலி செய்கிறாள் என்று புரியவே செத்த நேரம் ஆனது.

கடைசியாகச் சரக்கு ரூம். புகையிலைக்கு வாசனை கலக்கிற இடம். அங்கே சையது பாய்தான் ராஜா. எங்கள் சரக்கு விற்றதே அவர் கலப்பால்தான். அவர் மூக்கைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். ஆள் இல்லாதது எனக்கு நிம்மதி, யாரிடமும் பேச வேண்டாம். கிராம்பு, ஏலம், பன்னீர் என்று வரிசையாக மூடிய ஜாடிகள், ஒவ்வொன்றிலும் கொக்கு லேபிள். ஒரு கொக்குக்கு மையால் மீசை வரைந்திருந்தது. ஒன்றுக்குத் தொப்பி. ஒன்றுக்கு ஒரு காலைக் காணோம். எந்தப் பிள்ளை பார்த்த வேலையோ என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சுத்தமாக மூடி ஒட்டினேன்.

பாய் திரும்பி வந்தார். ஜாடிகளுக்கு முன்னால் நின்றார். ஒரு மூடியைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். விசிறி மார்க்கின் முதல் சரக்கு அன்று சாயங்காலம் ஊறப்போட வேண்டும். நிலக்கோட்டை, பழனிக் கடைகளுக்கு அதுதான் போகப்போகிறது. அது கெட்டால் புதுப் பேர் அன்றோடு முடிந்தது.

என்னைக் கூப்பிட்டு, "இதுல கிராம்பு எது தாயி?" என்றார். எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். மோந்து பார்த்துக் காட்டினேன். ஏலம் எது என்றார். காட்டினேன். சரியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் சரி தப்பு ஒன்றும் இல்லை. கையை ஜாடி மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த மூக்கு எப்பவோ போயிருச்சு தாயி. பொகையிலை தின்னுருச்சு. கொக்குல நான் போட்ட மீசை, தொப்பியப் பாத்துத்தான் கலக்குறேன். மொதலாளிக்குத் தெரியாது."

ஈரத்துணி வைத்து விசிறியை உரித்தேன். கூடவே கொக்கும் கழன்று வந்தது. நான் ஒட்டினால் அப்படி ஒட்டும். வேறு எதில் கெட்டிக்காரியோ இல்லையோ, பசையில் கெட்டிக்காரி.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். தரையில் கிழிந்து கிடந்த லேபிள்களையும், கலக்காமல் நின்ற பாயையும் பார்த்தார்.

"என்னா பாய், லேபிள் போனா மூக்குமா போச்சு? மோந்து பாத்துக் கலக்க வேண்டியதுதானே?"

பாய் குனிந்து கிழிந்த லேபிள்களைப் பொறுக்கினார். அந்த வயதில் வேலை போனால் அவரை யார் சேர்ப்பார்கள்? வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"மொதலாளி, புளிச்ச பசைய வச்சு ஒட்டிட்டேன். அந்த நாத்தம் ஜாடியெல்லாம் ஏறிக் கெடக்கு. இன்னிக்கி யாரு மோந்தாலும் ஒண்ணும் தெரியாது."

பசை அன்று காலையில் காய்ச்சியது. முதலாளி குனிந்து ஒரு ஜாடியை மோந்தார். அவர் நாள் முழுக்க மூக்குப்பொடி போடுகிறவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. நிமிர்ந்து, "ஆமா, நாறத்தான் செய்யிது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னைய லேபிள் பக்கம் விட்டா என்னையவே ஒட்டிருவ. பாயோடயே கெட, அவர் சொல்றதச் செய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் மோந்து சொன்னேன், பாய் அளந்து ஊற்றினார். சரக்கு ஒரு குறையும் இல்லாமல் கடைகளுக்குப் போனது. பாய் வேலையை விடும் வரைக்கும் நான் அந்த ரூமில்தான் இருந்தேன். எனக்கு அது தண்டனை என்றுதான் கம்பெனியில் எல்லோரும் நினைத்தார்கள். ராக்கம்மா அக்கா பார்க்கும்போதெல்லாம் பாவப்படுவாள்.

நான் படித்த பாடம் ஒன்றுதான். பழைய பேரை அழிக்கும் முன்னால், அதைப் பார்த்து நடக்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டால் என்னைப் போல ஆக வேண்டியதுதான்.

வருஷம் சரியா, ஜாடி ஐந்தா ஆறா, பாகம் பிரித்தது நோன்புக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. பேகம்பூரில் அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், யாராவது விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். பாய் மூக்கைப் பற்றி மட்டும் அவர்களிடம் கேட்க வேண்டாம். அவர்களுக்கு அது தெரியாது.