மாமாவின் நெஞ்சுக்குள் கம்பி

இங்கே இலங்கையில் செலவு கட்டாது என்று சென்னைக்குப் போய், இதயக் குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிவலை வைத்துக்கொண்டு வந்தவர் என் மாமா. இன்று இருவரும் நாவுலயிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வந்தோம்.

வழியில் இராணுவச் செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் உலோகச் சோதனைக் கருவியை நெஞ்சருகே கொண்டுபோனதும் மாமா பதறிப்போய்ச் சிங்களத்தில் சொன்னார்:

"மாத்தயா, ஐயா, உள்ளுக்கு கம்பி வச்சிருக்கு!"

வரிசையே பின்வாங்கியது.

"யார் வச்சது?"

"இந்தியாவுல வச்சாங்க!"

எனக்கு உயிரே போய்விட்டது. "ஹார்ட் ஒப்பரேஷன், மாத்தயா!" என்று கத்தினேன்.

சிப்பாயின் முகம் மாறியது. "எங்கப்பாவுக்கும் அடைப்புதான். அங்க செலவு குறைவா?"

மாமா சாவகாசமாக விளக்க ஆரம்பித்தார். பஸ் காத்திருந்தது. அடையாள அட்டையை யாரிடமும் கேட்கவில்லை.

மாமாவின் இதயம் நன்றாக இருக்கிறது. என்னுடையதுதான் இன்னும் படபடக்கிறது. எனக்குத் துணையாகச் சென்னைக்கு யார் வருகிறீர்கள்?