உப்புப் பார்க்காத கை

பிரியாணி மாஸ்டர்கள் நாங்கள் உப்புப் பார்க்கக் கரண்டியை வாயில் வைக்க மாட்டோம். கறியோடு கொதிக்கிற தண்ணீரில் கரண்டியை முக்கி, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்போம். இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே வாய்க்குப் போய்விடும். அதனால் சாம்பல் புதன் பூசை முடிந்து கடைக்கு வந்ததும் அந்த உள்ளங்கையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிடுவேன். ஈஸ்டர் வரைக்கும் எனக்குச் சுத்தபோசனம். கறியோ கறிச்சாறோ நாக்கில் படக் கூடாது.

"உப்புப் பாக்குறது தொழில்தானப்பா, அதுல பாவமில்ல" என்று பங்குச் சாமியாரே ஒருமுறை சொன்னார். அவருக்கு என்னைத் தெரியாது. ஒரு தவக்காலத்தில் அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒரு சொட்டு. அடுத்த வாரம், வெந்துவிட்டதா என்று ஒரு துண்டு. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அடுப்புக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு தட்டு பிரியாணியைத் தின்று முடித்தேன். எலும்பைக்கூட விடவில்லை. மறு வருஷம்தான் இந்தத் துணி வந்தது.

துணி கட்டிய நாட்களில் எனக்கு நாக்காக இருந்தவர், பாத்திரம் கழுவும் அக்கா. அரிமளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அவர் வராத நாளில் முதலாளி பாய் உப்புப் பார்ப்பார். இந்த வருஷம் தவக்காலமும் ரமலானும் ஒன்றாக வந்ததில் பாய்க்கும் நோன்பு. அக்கா இருக்கிறாரே என்று இருந்தேன். பதினேழாவது நாள், வெள்ளிக்கிழமை, அக்கா மஞ்சள் சேலையில் வந்து நின்றார். மணிக்கட்டில் மாரியம்மன் காப்பு.

"இன்னையிலேர்ந்து என்னைய விட்ருங்க தம்பி. கவிச்சி ஆகாது. ஏதோ வயித்துப்பாட்டுக்கு வந்துருக்கேன்."

"அப்ப உப்புக்கு யாருக்கா?"

"எங்கிட்டாச்சும் ஒரு சாமியும் கும்புடாத ஆளாப் பாருங்க."

எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டே தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அங்கேயும் காப்பு. அந்த நேரம் இலைக்கட்டோடு பாய் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நாக்கு நுனியில வச்சுட்டுத் துப்பிரலாம்னு எங்கள்லயும் சொல்லுவாங்க மாஸ்டர். ஆனா எனக்கு என்னையத் தெரியும். நான் துப்ப மாட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறவன் நான். இதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்கா விடவில்லை. "நல்ல கடைதான் போங்க. ஒங்க கையில துணி, எங் கையில காப்பு, பாய் வாயில நோன்பு. திங்க வர்றவனாச்சும் நல்லாருக்கட்டும்."

பாய் இலைக்கட்டை வைத்துவிட்டுத் தயிர் வாங்கப் போனார். பேச்சு வாக்கில் அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உப்புப் போட்டேனா, இல்லையா? உப்பு அளக்கும் கிண்ணம் காலியாகக் கிடந்தது. அது நேற்றைக்குக் காலியானதா, இன்றைக்கா? நினைவே இல்லை. அரிசி போட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

ஆவியில் நனைந்து துணி கையைச் சுட்டது. பிழிந்து கட்டலாம் என்று அவிழ்த்தேன். அடுத்த நொடி வெறும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கறி மேல் ஆசை என்று சொல்ல மாட்டேன். அசதிதான். விடியுமுன் எழுந்த உடம்பு, இரண்டு முழங்காலும் வலி. இதையெல்லாம் யோசிக்கவே சலிப்பாக இருந்தது. நக்கிவிட்டால் முடிந்தது வேலை.

"என்ன தம்பி, ரேகை பாக்குறீங்களா? ஆயுசு கெட்டியா இருக்கா?" என்றார் அக்கா.

குழாயடியில் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பி வந்து, போடவில்லை என்று முடிவுசெய்து, கிண்ணம் நிறைய உப்பை அள்ளிக் கொட்டினேன். அரிசியைப் போட்டுத் தம் வைத்தேன்.

ஏற்கெனவே போட்டிருக்கிறேன். மதியம் முதல் பந்தியிலேயே தெரிந்துவிட்டது.

"கட்டுமாவடிக் கருவாடே தேவலப்பா!" என்றார் ஒருவர். பாய் தயிர்ப் பச்சடியை வாரி வாரி வைத்தார். அப்படியும் பாதிக்கு மேல் இலையிலேயே கிடந்தது. பந்தி ஓய்ந்ததும் என்னிடம் வந்தார்.

"சந்தேகமா இருந்தா போடாம விட்ருக்கலாம்ல? எலையில தூளுப்பு வச்சுச் சமாளிச்சிருப்பேன்."

நியாயம்தான். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

"ஒரு சொட்டு பாத்துருந்தா இந்தக் கூத்து இல்லையே மாஸ்டர்."

"எனக்கு என்னையத் தெரியும் பாய்."

பாய் காலித் தயிர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு உப்புப் பாக்க யாரையாச்சும் கூட்டியாரேன்" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு அசர் தொழுகைக்குப் போனார்.

சாயங்காலம் ஊர்க் கோவிலில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் முழந்தாளிட்டு எழ வேண்டும். ஏழாவது நிலையில் எழ முடியாமல் அப்படியே இருந்துவிட்டேன். கை கூப்பியிருந்தேன். எத்தனை தடவை கழுவியும் உள்ளங்கையில் பட்டையும் கறியும் மணந்தன, நேராக மூக்குக்கு. வாயில் தண்ணீர் ஊறியது. இன்னும் ஏழு நிலை இருந்தது. துவைத்து வீட்டுக் கொடியில் போட்டிருந்த அந்தக் கைத்துணி காலைக்குள் காய்ந்துவிட வேண்டுமே என்பதுதான் எனக்கு அப்போது இருந்த கவலை.