நீர்க்காகத்தின் மேல் பழி

இன்று ஷோனெஃபெல்ட் போகும் பஸ்ஸில் சிவா அண்ணையும் மனைவி ராணி அக்காவும் எதிரே இருந்தார்கள். அண்ணையின் மடியில் தூண்டில்கள், காலடியில் வெறும் மீன்பெட்டி.

“ஏரியில மீனே இல்லை. எல்லாத்தையும் நீர்க்காகம் திண்டு முடிச்சிட்டுது,” என்றார் அண்ணை.

“போன வருசம் நல்லாப் பட்டதெல்லோ, அண்ணை?”

அவர் முகம் மலர்ந்தது. “ஓம், ஓம். பட்டதெல்லாம் வயிறு நிறைய முட்டையோட சினை மீன். சினைப் பொரியல் திண்டே அலுத்துப்போச்சு.”

அக்கா போனிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “நீர்க்காகம் பசிக்குத்தான் தின்னும். அதுக்கு வீட்டில ஃப்ரீசர் இல்லை.”

அண்ணை தூண்டில்களைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினார். இறங்கும்போது என்னிடம் மெதுவாக, “ஃப்ரீசரில இன்னும் கொஞ்சச் சினை கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை வாறீரோ?” என்றார்.

வாறன் என்றுவிட்டேன்.

ஃப்ரீசரில் மீன் இல்லாதவர்கள் மட்டும் என்னைத் திட்டலாம்.