இரண்டாவது பொம்மை

கூரியரில் வந்த வீடியோ கேம் பெட்டியைப் பிரித்ததும் எழுந்த புதுப் பிளாஸ்டிக் வாசனை, ஏலப்பாறைக் கடைத்தெருவில் இன்று இல்லாத அந்தக் கேசட் கடைக்கு என்னை இழுத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, ஈரக் குடையோடு நானும் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டு ஜெஸியும் அங்கே போய் வாடகைக்கு கேம் கேசட் தேடுவோம். அட்டையில் நெருப்பு கக்கும் பாம்பைப் பார்த்து நான் வாய்பிளந்து நிற்க, அவள் முழங்கையால் இடிப்பாள்.

"படத்தப் பாத்து ஏமாறாதட்டி. ரெண்டு பேரு சேந்து ஆடலாமான்னு கேளு."

ஒருத்தி ஆட இன்னொருத்தி வேடிக்கை பார்ப்பது அவளுக்கு ஆட்டமே இல்லை. தேயிலை ஃபேக்டரி ஓடும் நேரத்தில் கரண்ட் இறங்கி, டிவியில் படம் சுருங்கித் துடிக்கும். அதற்குள்ளும் எங்கள் பொம்மைகள் இரண்டும் தோளோடு தோள் உரசி ஓடும்.

ஓர் ஆடி மழையில் மண் சரிந்து, கடைசி வீடு ஜெஸியோடு போயிற்று.

இன்றும் ஒரு கேம் வாங்குமுன் நான் பார்ப்பது ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமா என்பது ஒன்றைத்தான். தனியாக இருக்கும் வீட்டில், இரண்டாவது கண்ட்ரோலரையும் செருகிவிட்டே உட்காருகிறேன். என் பொம்மை ஓடுகிறது. யாரும் தொடாத மற்றது, நின்ற இடத்திலேயே, தோள் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.