மகன் எடுத்த படமும் நான் அரைத்த மிளகாயும்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். என் மகன் ஒரு படம் எடுத்தான், யாரும் பார்க்கவில்லை. அதில் வரும் அப்பன் வீட்டில் யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். என் வேட்டி, என் திருநீறு, என் கதவு. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

மறுநாளே மனைவியுடன் கோயம்புத்தூரிலிருந்து ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போனேன். அநியாயம் செய்தவரைத் தண்டிக்க வேண்டி அங்கே மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள்.

"ஏனுங்க, பெத்த பையன் மேலயா அரைக்கறீங்க?" என்றாள்.

"ஊரே சிரிக்க வெச்சுப்போட்டான்."

"ஊரு எங்கீங்க பாத்துச்சு? தியேட்டர்ல ஏழு பேருங்க. சரி, யாருன்னு அம்மன்கிட்டச் சொல்லோணுமில்லீங்க? அவன் நட்சத்திரம் என்னங்க?"

தினமும் நூற்றெட்டுப் போற்றி சொல்லும் எனக்கு அது தெரியவில்லை.

"நீயே சொல்லு."

"மாட்டனுங்க." தனியாகப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

அரைத்ததைப் பூசவும் முடியவில்லை, கொட்டவும் மனமில்லை. கை எரிய நின்றேன். அவன் மேல் கோபம் இன்னும் போகவில்லை.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். எனக்கு நட்சத்திரம் தெரிந்திருந்ததாக மட்டும் மாற்றிவிடாதீர்கள்.